வளைவுக்குள் நல்லாயனை மடித்த கதை

பல்கலைக்கழகத்தில் புதிதாக ஒன்றைப் படித்தவனை, அது சமிபாடடையும் வரைக்கும் ஊருக்கு அனுப்பக்கூடாது. மருத்துவம் படிப்பவன் முதல் விடுமுறையிலேயே அயலவர்களின் கையைப் பிடித்து நாடி பார்ப்பான். சட்டம் படிப்பவன் எங்கே வேலிச் சண்டை என்று தேடித் திரிவான். இவர்கள்கூடப் பரவாயில்லை. கணிதம் படிப்பவன்தான் ஆபத்தானவன். அவனுடைய படிப்பு எதற்கு உதவும் என்று ஊருக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. அதனால் உதவக்கூடிய சந்தர்ப்பம் என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் பாய்ந்து விழுவான்.

நானும் பாய்ந்து விழுந்தேன். விழுந்தது நல்லாயன்மேல்.

மன்னார்த் தீவில் எங்கள் பங்குக் கோயிலில் நற்கருணைப் பெருவிழா என்றால் தெருவெல்லாம் நிறம். ஒவ்வொரு வட்டாரமும் பவனி வரும் பாதையில் ஒரு துண்டைப் பொறுப்பெடுத்து, சாயம் போட்ட மரத்தூளால் தரையில் படம் போடும். பெயருக்கு அது பக்தி. உள்ளுக்குள் உலகக் கிண்ணப் போட்டி. நடுவர்களாக இரண்டு சிஸ்டர்மாரும் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவரும் பவனிக்கு முன்னால் நடந்து புள்ளி போடுவார்கள். எப்போதும் முதலிடம் ஞானம் அண்ணையின் வட்டாரத்துக்குத்தான். ஞானம் அண்ணை சொந்தமாக இரண்டு படகு வைத்திருந்தார். குரலும் இரண்டு படகுக்குக் கேட்கும் அளவுக்கு வைத்திருந்தார்.

எங்கள் வட்டாரம் புதியது. சண்டைக் காலத்தில் வள்ளமேறி அக்கரை போய், தமிழ்நாட்டு முகாம்களில் பிள்ளை குட்டி பெற்று, திரும்பி வந்த குடும்பங்கள் நாங்கள். கோயில் பதிவில் எங்களுக்கு ஒரு புனிதரின் பெயர் இருந்தது. ஆனால் ஊர் வாயில் நாங்கள் 'இந்தியன் வட்டாரம்'. ('ஓம்' என்று சொல்லவேண்டிய இடத்தில் எங்களுக்கு 'ஆமா' என்று வந்துவிடும். கடைக்காரர் மிச்சக் காசைத் தரும்போது அவரும் ஒரு 'ஆமா' சொல்லிச் சிரிப்பார்.)

நான் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்த அந்த ஆண்டுதான் முதன்முறையாக எங்கள் வட்டாரத்துக்கும் தெருவில் ஒரு துண்டு தருவதென்று முடிவானது. வட்டாரத் தலைவி என் அம்மா. ஊருக்கு றீற்றா. பூசை முடிந்து எல்லாரும் கோயில் வாசலில் நிற்க, பங்குச் சுவாமி திருவுளச்சீட்டுப் போட்டார். அம்மா எடுத்த சீட்டில் 'கெபி வளைவு' என்றிருந்தது. கூட்டத்திலிருந்து ஒரு 'ச்சு' சத்தம் எழுந்தது. செத்த வீட்டில் கேட்குமே, அந்தச் சத்தம்.

காரணம் இருந்தது. மற்ற எல்லாம் நேர்த் தெரு. மாதா சொரூபம் வைத்த, குகைபோன்ற கெபிக்கு முன்னால் மட்டும் அரைவட்ட வெளி. கெபியின் மேடையைச் சுற்றிப் பாதி வளையம்போல மணல்தரை விரிந்து கிடக்கும். வடையைப் பாதியாக வெட்டி வைத்தால் எப்படியிருக்கும், அப்படி. பவனி அதன் வெளி ஓரத்தால் சுற்றிவர, சுவாமி ஒரு பக்கத்தால் கெபி மேடைக்கு ஏறுவார். அந்த அரை வடைக்குள் எவருடைய படமும் ஒழுங்காக அடங்கியதில்லை.

ஞானம் அண்ணை அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார். இரண்டு படகுக்கும் கேட்டது.

"றீற்றா, நீங்கள் புது ஆக்கள். அதில நாலு குருத்தோலைத் தோரணத்தைக் கட்டிவிட்டாக் காணும். ஆரும் குறை சொல்லமாட்டினம்."

அம்மா சிரித்துக்கொண்டு "ஓம் அண்ணை" என்றார். வீட்டுக்கு வரும் வழியில்தான் வெடித்தார்.

"புது ஆக்களாம்! எனக்கு ஞானஸ்நானம் குடுத்தது இந்தக் கோயில்ல. ஞானம் அண்ணை காற்சட்டை இல்லாமல் ஓடித் திரிஞ்சதைப் பாத்த சனத்தின்ர பிள்ளை நான். புது ஆக்களாம்! தோரணமாம்!"

அன்றே அம்மா முடிவெடுத்துவிட்டார். படம் போடுவது, அதுவும் ஊர் பார்த்து வாயடைக்கிற மாதிரி. பரிசு அவருக்குத் தேவையில்லை. 'புது ஆக்கள்' என்ற சொல் அன்றோடு செத்துப்போக வேண்டும். அவ்வளவுதான்.

படத்துக்கு ஆள் இருந்தது. தாசன் மாமா (மாமா என்றால் முகாமில் பக்கத்து வீடு) அக்கரையில் கட்டவுட் கீறியவர். சின்னப் படத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாகப் பெருப்பித்து, முப்பது அடி உயரத்துக்கு ஆளை நிறுத்துகிற வேலை. அவர் ஒரு மட்டையில் மேய்ப்பனாக நிற்கும் இயேசுவை, நல்லாயனை, கீறினார். தோளில் ஒரு ஆட்டுக்குட்டி, காலடியில் மந்தை, பின்னால் நீல வானம். கோடு போட்டுப் பிரித்தால் குறுக்கே எட்டு, நெடுக்கே நாலு கட்டம். வட்டாரத்தில் ஏறக்குறைய அத்தனை வீடுகள். வீட்டுக்கு ஒரு கட்டம். எல்லாம் பொருந்தியது, ஒன்றைத் தவிர. படம் நீள்சதுரம், நிலம் அரை வடை.

"நடுவில படத்தைப் போடுவம். மிச்சத்துக்குக் குருத்தோலை வைப்பம்," என்றார் தாசன் மாமா.

'குருத்தோலை' என்றதும் அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து என் வாய் திறந்தது.

"மாமா, நீள்சதுரத்தை அரை வளையமா மாத்த ஒரு சார்பு கிடக்கு."

அந்தப் பருவத்தில்தான் எங்களுக்குச் சிக்கலெண் சார்புகள் படிப்பித்திருந்தார்கள். ஒரு தளத்திலுள்ள ஒவ்வொரு புள்ளியையும் தூக்கி, இன்னொரு தளத்தில் அதற்கென்று ஓர் இடத்தில் வைப்பதுதான் சங்கதி. ஒன்றன்பின் ஒன்றாக உருமாற்றங்களைச் செய்தால் நாடாபோன்ற ஒரு கீலத்தை அரைத்தளமாக்கலாம், அரைத்தளத்தை வட்டமாக்கலாம். ஒரு பிரதேசம் குடிபெயர்ந்து போய் வேறு உருவத்தில் உட்கார்ந்திருக்கும். ஆனால் பக்கத்தில் இருந்தவை பக்கத்திலேயே இருக்கும். கோடுகள் வெட்டிக்கொண்ட கோணமும் மாறாது. (எங்களைப் போலத்தான். தீவிலிருந்து முகாம், முகாமிலிருந்து தீவு என்று இரண்டு உருமாற்றம் முடிந்தபின்னும் தாசன் மாமா பக்கத்து வீட்டிலேயே இருந்தார். அவருக்கும் அவருடைய மனைவிக்கும் இடையிலிருந்த கோணமும் அப்படியே இருந்தது.)

முற்றத்து மணலில் குந்தி விளக்கினேன். முதலாவது உருமாற்றம், படத்தைச் சுருக்கு. இரண்டாவது, வலப்பக்கமாகக் கால் சுற்றுத் திருப்பு. மூன்றாவதுதான் மந்திரம். அதை அடுக்குக்குறிச் சார்புக்குள் விடு. படத்தில் படுத்திருந்த கோடுகள் எல்லாம் வட்டவில்லாக வளையும். நிமிர்ந்து நின்ற கோடுகள் எல்லாம் சில்லுக் கம்பிபோல நடுவிலிருந்து விரியும். நீள்சதுரம் அச்சொட்டாக அரை வளையத்தில் போய்ப் பொருந்தும். ஒரு மூலை மிஞ்சாது.

"முகம் கோணாதோ?" என்று கேட்டார் தாசன் மாமா. நல்ல கேள்வி. இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன், எவ்வளவு நல்ல கேள்வி.

"கோணாது மாமா. கோணம் மாறாதெண்டு தேற்றமே இருக்கு. சின்ன உருவம் எதுவும் தன்ர வடிவத்தை இழக்காது."

விரிவுரையாளர் அந்த வசனத்தைச் சொன்னபோது 'சின்ன' என்ற சொல்லை அழுத்தித்தான் சொன்னார். நான் அந்த இடத்தில் மை வராத பேனையை ஊதிக்கொண்டிருந்தேன்.

தாசன் மாமாவுக்குத் திருப்தி வரவில்லை. ஆனால் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "கம்பஸில படிச்ச பிள்ளை சொல்லுறான் தாசன்," என்றார். அதோடு விவாதம் முடிந்தது.

பெருவிழாவுக்கு முதல்நாள் பின்னேரம் கெபி மேடையின் நடுவில் ஒரு கட்டையை அடித்து, கயிற்றைக் கட்டி, சுண்ணாம்பு தூவிக் கோடு போட்டேன். ஒவ்வொரு வில்லின் ஆரையும் முந்தியதைப்போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிறகு நடுவிலிருந்து கம்பிகள். போட்டு முடிய, மயில் தோகை விரித்த மாதிரி இருந்தது. அத்தனை வடிவு. கோயிலுக்கு வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஞானம் அண்ணையும் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றி, நிறைய நேரம் பார்த்தார். அம்மா அன்றிரவு எனக்கு இரண்டு முட்டை பொரித்தார்.

அந்தத் தோகையில் உள்வரிசைக் கட்டம் ஒரு சுளகு அளவிலும் வெளிவரிசைக் கட்டம் ஒரு இரட்டைக் கட்டில் அளவிலும் இருப்பதைக் கண்ணால் பார்த்தேன்தான். மூளைக்கு அறிவிக்கவில்லை.

காலையில் கட்டங்களைச் சீட்டுப் போட்டுப் பிரித்தோம். வீட்டுக்கு ஒரு உரப்பை மரத்தூள் என்று முருங்கன் மரக்காலையிலிருந்து எடுப்பித்து, எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்று தாசன் மாமா கணக்குப் பார்த்துச் சாயம் போட்டு வைத்திருந்தார். ஆனி மாதம். சோளகக் காற்று மணலைத் தூக்கி முகத்தில் அடிக்கும். மரத்தூள் பறக்காமலிருக்கத் தண்ணீர் தெளித்துத் தெளித்து வேலையைத் தொடங்கினோம். தொடங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை, உள்வரிசையிலிருந்து பிலோமினா மாமியின் குரல் கேட்டது.

"தம்பி, எங்கட கட்டம் முடிஞ்சுது."

"அதுக்குள்ளயோ மாமி?"

"ஓம். ரெண்டு சிரட்டை கூடப் போகேல்லை. பையில அப்பிடியே கிடக்கு. எங்களுக்கு மட்டும் ஏன் சுளகளவு நிலம்? நாங்கள் என்ன தம்பி, சந்தா குடுக்கேல்லையோ?"

வெளிவரிசையிலிருந்து மரியான் அண்ணை கத்தினார். "உங்களுக்குச் சுளகு! எனக்கு வயல் தந்திருக்கிறான்! பை முடிஞ்சுது, வானத்தில ஒரு மூலைதான் நிரம்பியிருக்கு. இதென்னடா தம்பி, முருங்கன் பக்கம் நெல்லு விதைக்கிறவைக்குக் குடுக்கவேண்டிய காணியை எனக்குத் தந்திருக்கிறாய்?"

"மரியான் அண்ணை, என்ரையில மிச்சம் கிடக்கு, எடுங்கோ."

"உங்கட பச்சை மாமி! வானத்துக்குப் பச்சையைப் போட்டால் மேல ஆடு மேயும்!"

நான் நடுவில் நின்று, வெளிக் கட்டத்தின் பரப்பு உள்கட்டத்தைவிடப் பத்து மடங்கு என்பதை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்துச் சரியென்று உறுதிப்படுத்திக்கொண்டேன். அதைத் தவிர அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. வானத்தில் பாதிக்குப் பச்சைதான் போட்டார்கள். வேறு வழியில்லை.

ஆனால் முகத்துக்குப் பச்சை போட முடியாதே. நல்லாயனின் முகம் மேல்வரிசையில் நடுவிலிருந்த இரண்டு கட்டங்களில் விழுந்திருந்தது. அதில் ஒன்று எங்கள் வீட்டுக்குக் கிடைத்த கட்டம். மாநிறத்தில் இரண்டு பை மரத்தூள், நிரப்பவேண்டியது இரண்டு இரட்டைக் கட்டில். ஒரு புருவத்தோடு தூள் முடிந்துவிட்டது.

அப்போது எனக்கு இரண்டாவது யோசனை வந்தது. எங்கள் கருவாட்டு வாடியில் உப்பு மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. உப்பு காற்றுக்குப் பறக்காது. செங்கல்லை இடித்து மஞ்சள் தூளும் சேர்த்துப் பிசைந்தால் மாநிறம் வரும். இழுத்து வந்து, பிசைந்து, கொட்டினோம். நிறம் அற்புதமாக வந்தது. கொஞ்சம் கட்டாக் கருவாடு மணத்தது. அது பரவாயில்லை. பேதுருவே மீன்காரன்தானே.

மத்தியானம் முடிந்தபோதுதான் நாங்கள் எல்லாரும் முதன்முறையாகப் பின்னால் போய், தெருப்பக்கமாக நின்று, முழுப் படத்தையும் பார்த்தோம். அதுவரை அவரவர் தம் கட்டத்துக்குள் தலையைக் குனிந்து கொண்டிருந்தார்கள்.

பிலோமினா மாமி சிலுவை போட்டுக்கொண்டார்.

நல்லாயன் தலைகீழாகக் கிடந்தார். (வலப்பக்கம் திருப்பியதால் தலை வெளிப்புறம் போய்விட்டது. தெருவில் நிற்பவனுக்கு முதலில் தெரிவது உச்சந்தலை.) அந்தத் தலை ஒரு வள்ளத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி. நெற்றி ஒரு பக்கமாக விரிந்து விரிந்து போனது. அதற்கப்பால் தோள், தோளைவிடச் சின்னதாக இடுப்பு, அதற்கும் அப்பால் ஒரு சாண் அளவில் இரண்டு பாதம். மந்தையைத் தேடவேண்டியிருந்தது. ஒவ்வொரு கோணமும் சரி. ஒவ்வொரு சின்னத் துண்டும் சரி. கண் கண்போல இருந்தது, மூக்கு மூக்குப்போல இருந்தது. ஆள்தான் ஆள்போல இல்லை.

ஞானம் அண்ணை தன் தெருவை முடித்துவிட்டு ஆட்களோடு பார்க்க வந்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். மற்றப் பக்கம் சாய்த்துப் பார்த்தார்.

"ஆர் றீற்றா இது? கோலியாத்தோ?"

"நல்லாயன்," என்றார் அம்மா.

"ஆட்டைக் காணேல்லையே?"

"அங்க காலடியில இருக்கு அண்ணை."

"அட, அது ஆடோ? நான் எறும்பு மொய்க்குதெண்டு நினைச்சன்."

அவருடன் வந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை. ஆனால் அம்மா காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். எல்லாரும் குளித்து உடுத்து வரப் போனார்கள். அம்மா போகும்போது என்னைப் பார்க்காமலே சொன்னார். "நீ காவலுக்கு நில். கிட்டப் போகாத. ஒண்டையும் தொடாத. ஒண்டையும் யோசிக்காத."

முதல் இரண்டு தடையையும் கடைப்பிடித்தேன். மூன்றாவதுதான் முடியவில்லை. நடுவர்களுக்கு விளங்காததால்தானே பிரச்சினை, விளக்கிவிட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. வேப்பமர நிழலில் மட்டை ஒன்றை மடியில் வைத்து, 'இப்படம் அடுத்தடுத்த மூன்று உருமாற்றங்களால் பெறப்பட்டது' என்று பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கினேன். கீழே சூத்திரமும் போட்டேன். சூத்திரத்துக்கு அடியில் கோடும் போட்டேன். முதுகுக்குப் பின்னால் 'சரக், சரக்' என்று ஏதோ கேட்டது. காற்று என்று நினைத்தேன்.

மன்னாருக்கு வந்தவர்களுக்குத் தெரியும், எங்கள் ஊரில் கழுதைகளுக்கும் வாக்குரிமை கொடுத்தால் தேர்தல் முடிவே மாறிவிடும். பஸ் தரிப்பில் படுக்கும், பள்ளிக்கூட வாசலில் நிற்கும். அவற்றுக்கு உப்பு என்றால் உயிர். கருவாட்டு வாடிகளுக்கு நாங்கள் வேலி அடைப்பதே அதற்காகத்தான். இது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். காலையில் அந்த உப்பை எடுக்கும்போது அந்த வேலிப் படலையைத் திறந்தவனும் நான்தான்.

திரும்பிப் பார்த்தபோது ஐந்தாறு கழுதைகள் நல்லாயனின் முகத்தைச் சுற்றி ஒழுங்காக வரிசைகட்டி நின்று நக்கிக்கொண்டிருந்தன. ஒரு கன்னம் முழுசாகப் போய்விட்டது. மூக்கு பாதி. நான் மட்டையை ஆட்டிக்கொண்டு ஓடினேன். தாய்க்கழுதை ஒன்று நிமிர்ந்து, சூத்திரத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்தது.

விரட்டி முடித்தபோது அம்மா எனக்குப் பின்னால் நின்றார். கோயிலுக்கு உடுக்கிற நீலச் சேலை. மல்லிகைப் பூ. அப்படியே தெரு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"வேணாம்டா, தோரணமே கட்டியிருக்கலாம்," என்றார். கோபம் வந்தால் அவருக்கு இந்த ஊர்ப் பேச்சு வரும். உடைந்துபோனால் முகாம் பேச்சு வந்துவிடும். "இனி ஆயுசுக்கும் சிரிப்பாங்க. வந்த இடத்துல மானத்தோட ஒரு படம் போட முடியல நமக்கு."

பல்கலைக்கழகத்தில் எத்தனையோ நிறுவல்களுக்கு முன்னால் வாயடைத்து நின்றிருக்கிறேன். அப்படி ஒருநாளும் நின்றதில்லை. தூரத்தில் பவனியின் மணிச் சத்தம் தொடங்கியிருந்தது.

வட்டாரத்தார் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ஞானம் அண்ணையும் வந்தார், இன்னொரு நகைச்சுவையோடுதான் வந்திருப்பார். அம்மாவைக் கண்டதும் அதை விழுங்கிவிட்டார். கன்னத்தைப் பார்த்தார். கழுதைக் கால்தடங்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார், பார்க்கத் தகுந்த பொருள் இல்லை என்று முடிவுசெய்தார்.

"றீற்றா, எழும்பும். சேலை ஊத்தையாகுது." பிறகு தன் ஆட்களிடம் திரும்பி இரண்டு படகுக் குரலில் கத்தினார். "டேய், எங்கட தெருவில மிஞ்சினதைக் கொண்டு வாங்கோடா! எந்த நிறமெண்டாலும் பரவாயில்லை! பவனி சந்திக்கு வந்திட்டுது!"

கொண்டுவந்தார்கள். அடுத்த வட்டாரத்தாரும் கொண்டுவந்தார்கள். மாநிறம் ஒரு பிடிதான் இருந்தது. மற்றதெல்லாம் ஊதா, காவி, கறுப்பு, கொஞ்சம் சிவப்பு. நல்ல உடுப்போடு மண்டியிட்டு, கலந்து கலந்து கொட்டினார்கள். பிலோமினா மாமிக்குப் பக்கத்தில் அதுவரை அவரோடு ஒரு சொல் பேசாத பெண்கள் குந்தியிருந்தார்கள். கன்னம் நிரம்பியது. முன்னைவிடப் பயங்கரமாக இருந்தது.

நடுவர்கள் வந்துவிட்டார்கள். வெளி ஓரத்தால் நடந்து, குனிந்து பார்த்து, ஒரு சிஸ்டர் மற்றச் சிஸ்டரின் காதில் ஏதோ சொல்ல, அதிபர் கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார். அது இருமல் இல்லை.

பவனி வருமுன் கெபியில் மெழுகுதிரி கொளுத்தவேண்டும். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடைக்கு ஏறினார். கொளுத்தினார். திரும்பினார்.

"மோனே!" என்று ஒரு அலறல். மறுபடி கழுதையாக்கும் என்று மட்டையோடு ஓடினேன். "இஞ்ச வா. இதில ஏறு. இதில நிண்டு பார்."

ஏறினேன். அம்மா நின்ற இடத்தில் நின்று, திரும்பிப் பார்த்தேன்.

நல்லாயன் நிமிர்ந்து நின்றார்.

காலடியில் மந்தை, ஒவ்வொரு ஆடும் ஆடாக. அங்கி நேராக விழுந்திருந்தது. அகலமான தோள், தோளில் குட்டி, அதற்கு மேலே அளவான, அமைதியான ஒரு முகம். கிட்ட இருந்த சின்னக் கட்டங்கள் கண்ணுக்குப் பெரிதாகவும், எட்ட இருந்த ராட்சதக் கட்டங்கள் சின்னதாகவும் தெரிந்ததில் எல்லாம் ஒரே அளவாகிவிட்டன. என் சார்பு விரித்ததையெல்லாம் தூரம் திரும்பச் சுருக்கிக்கொண்டது. கழுதை நக்கிய கன்னம் அந்தத் தூரத்தில் ஒரு மெல்லிய நிழல். பச்சை வானம்கூட, மழைக்கு முன்னால் கடல்மேல் தெரியுமே, அந்த நிறமாக இருந்தது. வளையத்தின் மையத்திலிருந்து, ஆள் உயரத்துக்கு மேலே நின்று பார்ப்பவனுக்கென்றே செய்த படம். செய்தவனுக்கு அது தெரியாது, அதுதான் ஒரே குறை.

"என்னவாம் அங்க?" என்று ஞானம் அண்ணை ஏறிவந்தார். மூன்றாவது ஆளுக்கு இடம் போதாததால் நான் இறங்கினேன். அவர் பார்த்தார். அவரிடமிருந்து முதன்முறையாக ஒரு படகுக்குக்கூடக் காணாத குரல் வந்தது. "அட."

பவனி வந்தது. சுவாமி நற்கருணையோடு மேடை ஏறி, ஆசீர்வாதம் கொடுக்கத் திரும்பினார். அப்படியே நின்றுவிட்டார். பாட்டுக்குழு ஒரு சரணத்தைத் திரும்பவும் பாடவேண்டியதாயிற்று.

முடிந்தபிறகு ஊர் கலையவில்லை. கெபிப் படியில் வரிசை. மேடையில் ஒருவேளையில் இரண்டு பேர்தான் நிற்கலாம். கிழவர்களைக் கைபிடித்து ஏற்றினார்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கினார்கள். அம்மா படியடியில் நின்று, சொந்த வீட்டுக் கலியாணத்தில் பந்திக்கு விடுகிற மாதிரி விட்டுக்கொண்டிருந்தார். "ஒவ்வொருத்தரா வாங்கோ. பிள்ளையளை முதல் விடுங்கோ. இதில, இந்தக் கல்லில நிண்டு பாருங்கோ." மிட்டாய்க்காரன்கூட வண்டியை விட்டுவிட்டு வரிசையில் நின்றான். இடையில் யாரோ ஒரு இளந்தாரி பக்கவாட்டால் ஏறப் பார்த்தான். ஞானம் அண்ணை அவனுடைய கொலரைப் பிடித்து இழுத்தார்.

"அங்க நிக்கிறா பார் றீற்றா. அவவிட்டைக் கேட்டிட்டு ஏறு. அவையின்ர இடம் அது."

அம்மா அதைக் கேட்டார். கேட்காத மாதிரி, "ஆமா ஆமா, வரிசையில வாப்பா," என்றார். 'ஆமா'வுக்கு யாரும் சிரிக்கவில்லை.

முதல் பரிசு வழக்கம்போல ஞானம் அண்ணையின் தெருவுக்கு. நாங்கள் கடைசி. நடுவர்கள் புள்ளி போட்டு முடித்த பிறகுதான் அந்தச் சிஸ்டர்மாரும் படியேறினார்கள்.

அன்றிரவு சாப்பிடும்போது, கொஞ்சம் தைரியம் வந்தவனாக, நான் சொன்னேன். "அம்மா, நான் வேணுமெண்டுதான் அப்பிடி…"

"அப்ப மத்தியானம் ஏன் பேய் அறைஞ்ச மாதிரி நிண்டனீ?" என்றார் அம்மா. பிறகு சிரிக்கத் தொடங்கினார். சோற்றில் கைவைத்தபடியே, கண்ணீர் வரச் சிரித்தார்.

அந்த வளைவுக்கு இப்போது கல் பதித்துவிட்டார்கள். தாசன் மாமா இல்லை. மரியான் அண்ணை பிரான்ஸில் மகளோடு இருக்கிறார். தொலைபேசியில் இன்னும், "தம்பி, என்ர வயல் எப்பிடி?" என்றுதான் தொடங்குவார். ஒவ்வொரு பெருவிழாவுக்கும் ஏதோ ஒரு வட்டாரம் கெபி மேடையில் நின்று பார்க்கும் படம் போடப் பார்க்கிறது. கணக்குக் கேட்டு என்னிடம் வருகிறார்கள். உப்புப் போடவேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன்.

வீட்டில் அந்த நாள் வேறொரு வடிவத்தில் தங்கிவிட்டது. நான் கோணலாக அடித்த ஆணி, கருக விட்ட கறி, கலியாண நாளை மறந்துவிட்டு ஒருநாள் கழித்து வாங்கிவந்த சேலை, எதைக் கண்டாலும் என் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு ஒன்றுதான் கேட்பாள். "இதை எங்க நிண்டு பாக்கவேணும்?" அம்மா தன் கதிரையிலிருந்தே பதில் சொல்லுவார். "கொஞ்சம் தள்ளி, கொஞ்சம் உயரத்தில."

போன வாரம் மகள் பள்ளிக்கூடத்தால் வந்து, புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். கணிதப் பரீட்சைத் தாள். (தகப்பன் கணித ஆசிரியர் என்பதைக் கவனத்தில் கொள்ளவும்.) தாளை என் கையில் தராமல் மேசையில் விரித்துவைத்துவிட்டு, கதிரை ஒன்றை அறையின் மற்ற மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, இதில ஏறி நிண்டு பாருங்கோ."

ஏறினேன். ஒரு கையால் அலுமாரியைப் பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கி, நிதானமாகப் பார்த்தேன். அம்மா, மனைவி, மகள், மூவரும் கீழே நின்று என் தீர்ப்புக்காகக் காத்திருந்தார்கள்.

அங்கேயிருந்தும் முப்பத்தெட்டுத்தான்.